துரைசானிக் கோழிகள் – 9. கடற்காற்று வராத பகல்

"இன்னிக்கு ஒரு நாளு நான் பாத்துக்கமாட்டனா? குன்னூர்ல இதுங்களுக்கு அப்பனே நான்தான். நீ கெளம்பு" என்றார் மொய்னுதீன்.

ராபியா அப்போதும் நகரவில்லை. உமி பரப்பி முட்டைகளை அடுக்கிய கூடை தயாராக இருந்தது. கால்வாய்க் கரையில் கருவாட்டுக்கார அம்சா உப்புப் படகை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆனாலும் ராபியாவுக்குக் கால் எழவில்லை.

கத்திரி வெயில் பாதி கழிந்திருந்தது. நேற்று கடற்காற்று இறங்கவே பிற்பகலாகிவிட்டது. அதுவரை மேற்கேயிருந்து அனல்தான். பூவரச மரத்தடி ஈர மணலில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கைகளை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொண்டு கிடந்த கிடை அவள் கண்ணிலேயே நின்றது.

"மணல நனைச்சிகினே இருக்கணும் அத்தா. பத்து மணிக்கு மேல தீனி வேணாம். தின்னா சூடு ஏறும். மோர்த்தண்ணி மட்டும் வைங்க. நெழலுக்குக் கட்டின ஈரச் சாக்கு காயக் கூடாது."

"தெரியும்மா. எனக்கே சொல்றியா?"

"சேவலு தானா எழுந்து தண்ணிகிட்ட போவாது. தூக்கிகினு போயி வுடணும்."

"போ தாயீ, படகு போயிடப் போவுது."

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மொய்னுதீன் குன்னூரில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியிடம் முப்பது வருஷம் பட்லராக இருந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரைசானி, தன் பாட்டன் காலத்திலிருந்து வம்சம் கலையாமல் வளர்த்த கோழிகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பொன்னிறத்தில், பஞ்சுப் பொதிபோல் அகன்ற மார்போடு, பனியில் பிறந்து பனியில் வளர்ந்த கோழிகள். அவற்றோடு அவர் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்துக்கு, வெள்ளைக்காரர் வாயில் சதுராஸ், வந்து சேர்ந்தார். ஊருக்குச் சொன்னது மட்டும் வேறு. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன் என்றார்.

மூத்தவள் ராபியா கணவனை வைசூரிக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீடு திரும்பியபோது, அவளை இனி என்ன செய்வது என்று உறவு முழுவதும் கூடிப் பேசியது. மொய்னுதீன் பேசவில்லை. அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், "இதெல்லாம் இனிமே உன்னோடது" என்று கோழிகளைக் காட்டினார். அன்றிலிருந்து அவள் யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. மாமல்லபுரத்துப் பயணியர் பங்களாவுக்கு வாரம் ஒருமுறை முட்டை கொண்டுபோய்க் கொடுத்து வருகிறாள்.

இன்று இளையவள் அக்தர் பேகத்தைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை கியாசுதீன். அவனுடைய மாமா நூர்முகமது ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அந்த வீட்டில் அவர் சொல்தான் செல்லும். அப்படிப்பட்ட நாளில் தன்னை ஏன் முட்டைக் கூடையோடு அனுப்புகிறார்கள் என்று ராபியாவுக்குப் புரியாமல் இல்லை. விதவை அக்கா கண்ணில் பட வேண்டாம் என்று குப்பி சொல்லியிருப்பாள். அத்தாவின் தமக்கை பதருன்னிசாவைத்தான் பெண்கள் இருவரும் குப்பி என்று கூப்பிடுவார்கள்.

போகட்டும். அக்தருக்கு நல்லது நடந்தால் சரி. ராபியா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

*

அன்று பகல் முழுக்கக் கடற்காற்று வரவேயில்லை.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது கால்வாய்த் தண்ணீர் காய்ச்சிய ஈயம்போல் அசையாமல் கிடந்தது. படகுக்காரன் கோலை ஊன்றித் தள்ளும்போதெல்லாம் சேறு மணந்தது. ராபியா முக்காட்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் அது காய்ந்து மொடமொடத்தது.

"இன்னாடி, வாய தொறக்க மாட்டேங்கிற?" என்றாள் அம்சா.

"கோழிங்க நெனப்புதான்."

"அடிப் போடி. உங்கப்பாரு கீறாருல்ல? மகாராணியாட்டம் வளத்த மனுசன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ராபியா மீதி வழியைக் கடந்தாள்.

வீட்டுத் தெருவில் நுழைந்தபோது வாசலில் வாடகைக் கார் கிளம்பத் தயாராக நின்றது. புழுதி படிந்த கார்க் கதவைப் பிடித்தபடி நூர்முகமது பேசிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, சிரித்த முகம். எதிரே வெள்ளை ஜிப்பாவும் அத்தர் மணமுமாக அத்தா. ராபியா பக்கத்து வீட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றாள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு பாய். பையனுக்கும்தான். சீரு செனத்தி எதுவும் வேணாம்" என்றார் நூர்முகமது. "ஆனா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். நீங்க இல்லன்னு சொல்லக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"அந்தத் தொரசானிக் கோழியில ஒரு ஜோடி. பங்களாவுல முட்டை துன்னுட்டு, இது எந்தூரு கோழின்னு சமையக்காரரக் கேட்டேன். குன்னூர்ல உங்களோட இருந்தவராம், அவருதான் சொன்னாரு. சதுராஸ்ல பட்லர் மொய்னுதீன் பாய் வூட்டுக் கோழி, அவரு கை பட்டா கல்லும் ருசிக்கும்னு. இன்னிக்குச் சாப்பாட்டுலயே தெரிஞ்சிடுச்சே! அந்தக் கைய இந்த அம்மாவுக்குப் போயி எழுதி வச்சீங்களே!"

அவர் வாசற்படியில் நின்ற குப்பியைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. விடியுமுன் அத்தா சமைத்து வைத்த சோற்றையும் குருமாவையும் தான் செய்ததாகக் குப்பி சொல்லியிருக்க வேண்டும்.

அத்தாவின் முகம் வெளுத்ததை ராபியா பார்த்தாள்.

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். போவட்டும், உழைச்சித் துன்றதுல இன்னா பாய் வெக்கம்?" என்ற நூர்முகமது அவர் தோளைத் தட்டினார். "வந்ததுல இருந்து பாக்கறேன், ஒரு கோழியும் கண்ணுல படலியே. எங்க கீது?"

"தோப்புல... நெழல்ல வுட்டிருக்கேன்."

"அப்ப நிக்காஹ் அன்னிக்குப் பொண்ணோட சேத்து அனுப்புங்க."

"ஆகட்டும் பாய். அனுப்பறேன்."

கார் கிளம்பியது. தோப்பா? எந்தத் தோப்பு? அவர்களுக்குத் தோப்பே கிடையாதே.

ராபியா கூடையை வேலியோரம் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினாள்.

பூவரசடியில் ஒன்றுமில்லை. மணல் வறண்டு வெளுத்துக் கிடந்தது. மோர்ச்சட்டியில் காலையில் அவள் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. அவள் பார்வை மெல்ல மேற்கு மூலைக்குப் போனது. அங்கே கரி மூட்டை போடுகிற தகரக் கொட்டாய். கூரையும் தகரம், சுவரும் தகரம். கதவுக்குக் குறுக்கே இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தாழ்ப்பாளைத் தொட்டதும் விரல் சுட்டது. முந்தானையால் பிடித்து இழுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது.

கோழிகள் கதவருகே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வெளிச்சம் வந்த இடுக்கை நோக்கி எல்லாமே வந்திருக்கின்றன. பொன்னிற இறகெல்லாம் கரி. கழுத்துகள் நீண்டு, அலகுகள் திறந்து, கண்கள் பாதி மூடி. மேலே கிடந்த ஒன்றைத் தூக்கினாள். தலை தொங்கியது. இன்னொன்று. அதுவும்.

அடியிலிருந்து ஏதோ அசைந்தது. சேவல். கொண்டை கறுநீலமாகிவிட்டிருந்தது. மூச்சு அறுந்து அறுந்து வந்தது. கதவின் கீழ் இடுக்கு இருந்த பக்கம் அலகை நீட்டியபடி ஒரு பெட்டை கிடந்தது, அதற்கும் உயிர் இருந்தது. மற்ற எல்லாமே போயிருந்தன.

"அக்தரு! தண்ணி கொண்டா! பானைத் தண்ணி!"

அக்தர் பட்டுப் பாவாடையோடு தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கொட்டாயை எட்டிப் பார்த்ததும் தவலை கைநழுவப் போனது. ராபியா அதைப் பிடுங்கிக்கொண்டாள். பெட்டையையும் சேவலையும் பூவரசடிக்குக் கொண்டுபோய், அகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கால்களை அதில் இறக்கினாள். தலையில் ஊற்றவில்லை. திடீரென்று குளிர்ந்தால் மூச்சு நின்றுவிடும். விரலை நனைத்து அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

அதற்குள் குப்பி வந்துவிட்டாள். கையில் கத்தி.

"சேவலு போயிடும்டி. மொய்னுதீனு, சீக்கிரம் வா! பிஸ்மில்லா சொல்லி அறு. உயிரு இருக்கும்போதே அறுத்தா ஹலாலு. தானா செத்தா மண்ணுக்குத்தான் போவும்."

அத்தா பின்னால் நின்றார். கத்தியை வாங்கிக்கொண்டார்.

"பொழைக்கும். கிட்ட வராதீங்க" என்றாள் ராபியா.

"பொழைக்காதும்மா. பாத்தாலே தெரியுது."

"கிட்ட வராதீங்கன்னு சொன்னேன்!"

அவள் அத்தாவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கத்தி தாழ்ந்தது. சேவல் அவள் மடியில் ஒருமுறை கால்களை உதைத்தது. எழப் போகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் அலகோரம் வழிந்தது.

"போச்சி. அத்தினி கறியும் வீணு" என்றாள் குப்பி.

பெட்டை மட்டும் சட்டியில் நின்றபடி கழுத்தை நீட்டித் தண்ணீரை ஒரு மடக்கு எடுத்து, தலையை அண்ணாந்து விழுங்கியது.

*

"எப்ப அடைச்சீங்க?" என்று கேட்டாள் ராபியா.

குப்பி உள்ளே போய்விட்டாள். அத்தா பூவரசின் வேரில் உட்கார்ந்திருந்தார். ஜிப்பாவின் ஓரமெல்லாம் கரி.

"காரு சத்தம் கேட்டதும். ஒரு மணி நேரத்துல கெளம்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

"எதுக்கு அடைச்சீங்க?"

"இந்தக் கோழி ஏதுன்னு கேப்பாங்க. தொரசானி குடுத்ததுன்னு சொல்லணும். தொரசானி உனக்கு எதுக்குக் குடுத்தான்னு கேப்பாங்க." அவர் மண்ணைக் கிளறினார். "பட்லரு பொண்ண ஜவுளிக்கடைக்காரரு எடுப்பாரா?"

"அதுங்க கத்தலியா?"

அத்தா ஜிப்பா ஓரத்துக் கரியைத் தேய்த்தார்.

"கத்துச்சிங்க. தகரத்துல மோதற சத்தமும் கேட்டுது. எழுந்திரிக்கணும்னுதான் பாத்தேன். அப்ப அவரு, குன்னூர்ல இருந்த காலத்தப் பத்திச் சொல்லுங்க பாய்னு கேட்டாரு. எஸ்டேட்டுல எனக்குக் கீழ நாப்பது பேருன்னு சொல்லிகினு இருந்தேன். நடுவுல எப்பிடிம்மா எழுந்திரிக்கறது?"

"அப்புறம்?"

"அப்புறம் சத்தம் நின்னுடுச்சி. சரி, அடங்கிடுச்சிங்க, தூங்குதுங்கன்னு நெனச்சிகினேன்."

ராபியாவுக்குக் கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தூங்குகின்றன என்றுதான் நினைத்திருப்பார். அப்படி நினைத்துக்கொள்ள அவரால் முடிந்திருக்கிறது. முப்பது வருஷம் கோழி கத்தும் தொனியை வைத்தே பசியா பயமா என்று சொன்ன மனிதரால்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு அத்தா. தெரிஞ்சிதான் வந்திருக்காரு. நீங்க நாப்பது பேருன்னு சொல்லும்போதும் தெரிஞ்சிதான் கேட்டுகினு இருந்திருக்காரு."

அத்தா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்:

"அந்த ஒரு பெட்டைய எனக்குக் குடுத்துடும்மா. நாட்டுச் சேவல் ஒண்ணு புடிச்சி ஜோடி சேத்து அனுப்பிடறேன். வாக்கு குடுத்துட்டேன். அக்தரு வாழ்க்கை."

ராபியா எழுந்து மண்வெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"மொதல்ல குழி வெட்டுங்க. வெட்ட வெளியில நாறப் போவுது."

அவர் வெட்டினார். வரமாட்டேன் என்றிருந்த கடற்காற்று அப்போதுதான் இறங்கியது. தென்னங்கீற்றுகள் சலசலத்தன. அக்தர் ஒவ்வொரு கோழியாகத் தூக்கிக் கொடுக்க, ராபியா குழியில் வைத்தாள். காற்றில் அவற்றின் இறகுகள் சிலிர்த்து எழும்பின. உயிரோடு இருப்பதுபோலவே தெரிந்தது. அவள் அவசரமாக மண்ணைத் தள்ளினாள்.

அத்தா உள்ளே போனபின் அக்தர் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீ போயி சொல்லப் போறியா அவங்ககிட்ட?"

"ஏன்?"

"சொன்னா இந்தச் சம்பந்தம் நிக்குமா?"

"தெரியல."

அக்தர் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜன்னல் வழியா அவர பாத்தேன். புடிச்சிருக்குக்கா எனக்கு." பிறகு இன்னும் தணிந்த குரலில், "இத்தினியையும் பொதைச்சிட்டு இத சொல்றேனேன்னு நெனைக்காத."

ராபியா தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துவிட்டாள்.

*

மறுநாள் காலை முதல் பஸ் வந்து நின்றபோது ராபியா கூடையோடு ஏறினாள். ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பெட்டை, மூடியின் இடுக்கு வழியே ஒற்றைக் கண்ணால் வெளியே பார்த்தது.

வீட்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "கோழிய குடுக்கறேன். ஆனா நானே எடுத்துகினு போயி செங்கல்பட்டுல அவரு கையிலதான் குடுப்பேன். மீதியெல்லாம் எங்கன்னு அவரு கேப்பாரு. கேட்டா இருக்கறத சொல்வேன்."

குப்பி தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். பஸ் நகரத் தொடங்கியபோது யாரோ கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறுவது தெரிந்தது. அத்தாதான். நேற்றைய ஜிப்பா இல்லை. துரைசானி வீட்டில் போட்ட பழைய கோட்டு, தேய்த்து மடித்தது. இத்தனை வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடந்ததை இன்று எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ராபியாவின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. உண்மையைச் சொல்லத்தான் வருகிறார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் போதும், நான் எதுவும் பேச வேண்டியிருக்காது. அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"கூடைய என் மடியில வச்சிக்கட்டா?"

"வேணாம். நானே வச்சிகினு வரேன்."

திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டபோதே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ராபியா பாட்டில் தண்ணீரைச் சாக்கில் தெளித்தாள். பக்கத்தில் அத்தா கண்களை மூடியிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. துஆ ஓதுகிறார் என்று நினைத்தாள்.

பஸ் மேடு ஏறி இறங்க, என்ஜின் சத்தம் ஒரு நிமிஷம் அடங்கியது. அப்போது அவர் முணுமுணுப்பு அவள் காதில் தெளிவாக விழுந்தது. பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க போனப்பறம் தோப்புல நாயிங்க பூந்துடுச்சி பாய்... நேத்து நீங்க போனப்பறம் தோப்புல நாயிங்க பூந்துடுச்சி..."

ராபியா கூடையை மடியிலிருந்து எடுத்து ஜன்னலோரம், அவர் கைக்கு எட்டாத பக்கம் வைத்துக்கொண்டாள்.